வீட்டில் பாட்டு செய்ய டிரம்ஸ் சாஃப்ட்வேர்: எதைப் பார்த்து எடுப்பது

"எந்த டிரம்ஸ் சாஃப்ட்வேர் நல்லது?" என்று மட்டும் கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. என்ன மாதிரிப் பாட்டு செய்கிறீர்கள், எந்தக் கம்ப்யூட்டரில் செய்கிறீர்கள், அந்தப் பாட்டு கடைசியில் எங்கே ஒலிக்கப்போகிறது என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பட்டியல் தானாகக் கழன்றுவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பாட்டு செய்கிறவர்கள் பெரும்பாலும் குறும்படத்துக்கு, மாரியம்மன் பண்டிகைக்கு, கல்யாண வீடியோவுக்கு, சர்ச்சுக்கு, இல்லையென்றால் சொந்தமாக யூடியூபில் போட என்றுதான் செய்கிறார்கள். இணையத்தில் வருகிற 'சிறந்த பத்து' பட்டியல்களோ வெளிநாட்டில் ராக், மெட்டல் வாசிக்கிற ஆளை மனதில் வைத்து எழுதியவை. அவருக்குத் தேவையானது நமக்கும் தேவைப்பட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முதலில் வகையைப் பிரித்துக்கொள்ளலாம், ஏனென்றால் கடையில் எல்லாமே 'டிரம்ஸ்' என்ற ஒரே பெயரில்தான் கிடக்கும். ஒரு வகை, நிஜமான டிரம் செட்டை ஸ்டுடியோவில் வைத்து, ஒவ்வொரு டிரம்மையும் மெதுவாக, கொஞ்சம் பலமாக, ஓங்கி என்று பல தடவை அடித்துப் பதிவு செய்து, நீங்கள் மிடியில் (எந்த நோட்டு, எவ்வளவு பலம் என்று மட்டும் குறித்துவைக்கும் முறை) போடும் நோட்டுக்கு ஏற்ற அடியை எடுத்துக்கொடுப்பது. ஈஸிடிரம்மர், அடிக்டிவ் டிரம்ஸ், சுப்பீரியர் டிரம்மர் எல்லாம் இந்த வகை. இன்னொன்று வெறும் கட்டங்கள்தான்: ஒலியை நீங்களே கொண்டுவந்து கட்டத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். எஃப்எல் ஸ்டுடியோ என்ற பாட்டு செய்யும் சாஃப்ட்வேரோடு வரும் எஃப்பிசி, ஏபிள்டனின் டிரம் ரேக், சிதாலா இதெல்லாம் அப்படி. மூன்றாவது லூப். அது வாசித்து முடித்த ஆடியோ. வேகத்தை ரொம்ப மாற்றினால் ஒலி இழுபடும், நடுவில் ஒரு கிக்கை, அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் அடியை, மட்டும் தள்ளிவைக்கவும் முடியாது. அவசரத்துக்கு லூப் சரி, ஆனால் பாட்டுக்கு ஏற்ப டிரம்ஸ் வளைய வேண்டும் என்றால் முதல் இரண்டுதான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது, கடைசியில் இரண்டாவதும் வரும்.

ஒன்றும் வாங்குவதற்கு முன்னால், கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆப்பிளின் லாஜிக் ப்ரோவில் 2013இலிருந்தே 'டிரம்மர்' என்ற டிராக் இருக்கிறது. அதே விஷயம் கராஜ்பேண்டிலும் இலவசமாகவே வருகிறது, மேக் வைத்திருப்பவர் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. முதல் பாட்டை இருப்பதை வைத்து முடியுங்கள். எந்த இடத்தில் போதவில்லை என்பது அப்போதுதான் தெரியும்: கிக் சவசவ என்று இருக்கிறதா, ரோல் அடித்தால் செயற்கையாகக் கேட்கிறதா, வேண்டிய தாளம் உள்ளே இல்லையா? அந்தக் குறைக்குத்தான் காசு கொடுக்க வேண்டும், சாஃப்ட்வேரின் அட்டைப் படத்துக்கு அல்ல.

கம்ப்யூட்டர் தாங்குமா

இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். சுப்பீரியர் டிரம்மர் 3 பிரமாதமான சாஃப்ட்வேர், சந்தேகமே வேண்டாம். அதன் முழு ஒலித்தொகுப்பு 230 ஜிபிக்கு மேல். தினம் 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவில் அதை இறக்கினால், வேறு எதற்கும் டேட்டாவைத் தொடாமல் இருந்தால்கூட, நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அடிப்படைப் பகுதியை மட்டும் போட்டுக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது, ஆனாலும் 256 ஜிபி டிஸ்க் உள்ள லேப்டாப்பில் அதற்கு இடம் தேடுவது தலைவலி. வீட்டில் ஃபைபர் இணைப்பு, தனியாக ஒரு எஸ்எஸ்டி, 16 ஜிபி ராம் மூன்றும் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். 8 ஜிபி ராம் வைத்திருப்பவர் ஈஸிடிரம்மர், அடிக்டிவ் டிரம்ஸ் அளவோடு நின்றுகொள்வது நல்லது. அடிக்டிவ் டிரம்ஸ் 2 வந்தது 2014இல். பழசு என்று ஒதுக்க வேண்டாம், அது பழைய லேப்டாப்பில்கூட முனகாமல் ஓடும் என்பதுதான் அதன் பலமே.

லேப்டாப்பில் இன்னும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால் டிரம்ஸ் வாங்கும் பணத்தில் முதலில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். டிரம் ஒலிகள் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள், பழைய டிஸ்க் அதைப் படித்து முடிப்பதற்குள் உங்களுக்கு வந்த டியூன் மறந்துபோகும். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு எஸ்பி ரோடு பக்கம்தான், அரூர்க்காரர்கள் சேலத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் வடிவம். விண்டோஸில் எஃப்எல், ரீப்பர், கியூபேஸ் எல்லாம் விஎஸ்டி என்ற ப்ளக்இன் (உள்ளே செருகி ஓட்டும் சாஃப்ட்வேர்) வடிவத்தை எடுக்கும். லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஏயூ மட்டும்தான் எடுக்கும், விஎஸ்டி என்று மட்டும் போட்ட இலவசப் பொருளை இறக்கிவிட்டு அதில் தேடினால் வராது. ஆண்ட்ராய்டு போனில் இந்த விஎஸ்டி எதுவும் ஓடாது, போனில் மட்டும் செய்கிறவர்கள் அந்தந்த ஆப்பில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

டெமோவை இறக்கியதும் செய்ய வேண்டியது

நிறுவனத்தின் பக்கத்தில் ஓடும் டெமோ பாட்டைக் கேட்டு முடிவு செய்வது, கிருஷ்ணகிரி மண்டியில் கூடையின் மேல் வரிசையை மட்டும் பார்த்து மாங்காய்க்கு விலை பேசுகிற கதைதான். அந்தப் பாட்டில் கிடார் இருக்கும், பேஸ் இருக்கும், தேர்ந்த இன்ஜினியர் மிக்ஸ் செய்திருப்பார். டிரம்ஸை மட்டும் தனியாக, எந்த எஃபெக்ட்டும் இல்லாமல் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு டெமோ பதிப்பு இருந்தால் இறக்குங்கள்.

முதலில் ஹை-ஹாட், ஒன்றோடு ஒன்று மோதும் இரட்டைத் தட்டு. ஒரு மிடி டிராக் திறந்து மூடிய ஹை-ஹாட்டில், ஜெனரல் மிடி கணக்கில் அது 42ஆம் எண் நோட்டு, பதினாறு நோட்டை வரிசையாகப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் வெலாசிட்டி, அதாவது அடியின் பலம், 90 என்று ஒரே அளவு வையுங்கள். இப்போது ஹெட்ஃபோனில் கேளுங்கள். மனிதர் யாரும் ஒரே மாதிரி இரண்டு தடவை அடிப்பதில்லை, அதனால் நல்ல சாஃப்ட்வேரில் ஒரே வெலாசிட்டிக்கும் பல பதிவுகள் இருக்கும், மாற்றி மாற்றி ஒலிக்கும். மோசமானதில் ஒரே ஒலியை நகல் எடுத்து ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும், பத்து விநாடி கேட்டாலே காது வலிக்கும். ஏன் ஹை-ஹாட்டிலிருந்து தொடங்குவது என்றால், பாட்டு முழுக்க ஓய்வே இல்லாமல் ஓடுவது அதுதான். கிக்கும் ஸ்நேரும் (அடியில் கம்பி கட்டிய டிரம்) சுமாராக இருந்தால் மிக்ஸில் ஒப்பேற்றிவிடலாம், செயற்கையான ஹை-ஹாட்டை மறைக்க இடமே கிடையாது.

அடுத்தது ஸ்நேர், 38ஆம் எண். வெலாசிட்டி 10, 20, 30 என்று 120 வரை ஏறுவரிசையில் பன்னிரண்டு அடி போடுங்கள். மிடியில் வெலாசிட்டி 1 முதல் 127 வரை போகும், அத்தனைக்கும் தனித்தனிப் பதிவு பெரும்பாலான சாஃப்ட்வேரில் இருக்காது, சில அடுக்குகளாகத்தான் இருக்கும். அடுக்கு மாறும் இடம் காதில் உறுத்துகிறதா என்று பாருங்கள். சிலவற்றில் 60இலிருந்து 70க்குப் போகும்போது யாரோ ஸ்நேரையே மாற்றி வைத்த மாதிரி குதிக்கும். இன்னொன்றும் கவனியுங்கள்: மெதுவான அடி என்பது பலமான அடியின் சத்தத்தைக் குறைத்து வைத்தது அல்ல. மெதுவாக அடித்தால் தோலின் ஒலி மங்கும், அடியில் இருக்கும் கம்பிகளின் சரசரப்பு மேலே வரும். அந்த வித்தியாசம் கேட்கவில்லை என்றால் அந்த சாஃப்ட்வேரில் மெலடிப் பாட்டு செய்ய முடியாது, எவ்வளவு குறைத்து வைத்தாலும் டிரம்மர் பக்கத்து அறையிலிருந்து ஓங்கி அடிப்பது போலவே இருக்கும். ஓங்கி அடித்த டிரம்ஸ் எல்லா சாஃப்ட்வேரிலும் நன்றாகத்தான் இருக்கிறது. காசின் வித்தியாசம் தெரிவது மெதுவான அடியில்.

மூன்றாவதாக, திறந்த ஹை-ஹாட்டை, 46, போட்டுவிட்டு உடனே மூடியதைப் போடுங்கள். திறந்ததின் இழுவை அங்கேயே வெட்டப்பட வேண்டும். நீங்களே ஒலி போடும் கட்ட வகை சாஃப்ட்வேரில் இது தானாக நடக்காது, இரண்டையும் ஒரே சோக் குழுவில் சேர்க்க வேண்டும்.

சிக்ஸ் எய்ட் இருக்கிறதா

நம் ஊர்ப் பாட்டுக்கு இதுதான் பெரிய கேள்வி. அம்மன் பாட்டு, கும்மி, குத்துப் பாட்டு என்று எதை எடுத்தாலும் கணிசமானவை திஸ்ர நடையில், பேண்ட்காரர்கள் வாயில் சொன்னால் சிக்ஸ் எய்ட்டில்தான் ஓடும். வெளிநாட்டு டிரம்ஸ் சாஃப்ட்வேரில் ஆயத்தமாக வரும் தாளக் கோப்புகளைத் திறந்து பாருங்கள், பெரும்பகுதி ஃபோர் ஃபோராக இருக்கும். 6/8 என்று ஒரு மூலையில் கொஞ்சம் இருக்கும், அதிலும் பாதி மெதுவான ப்ளூஸ் வகை. ஆகவே வாங்குமுன் தாளப் பட்டியலை 6/8, 12/8 என்று வடிகட்டிப் பாருங்கள், எத்தனை தேறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். ஈஸிடிரம்மரில் நீங்களே தட்டிக்காட்டினால் அதற்கு நெருக்கமான தாளங்களைத் தேடிக்கொடுக்கும் வசதி இருக்கிறது, டேப் டு ஃபைண்ட் என்று பெயர். 2022இல் வந்த மூன்றாம் பதிப்பில் பேண்ட்மேட் என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது, உங்கள் கிடார் அல்லது கீபோர்டு டிராக்கை அதில் இழுத்துப் போட்டால் அதற்குப் பொருந்தும் தாளங்களை எடுத்து நீட்டும். மேசையில் விரலால் தட்டத் தெரியும், மிடியில் எழுத வராது என்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஒன்று, அது இருக்கும் கோப்புகளுக்குள்தான் தேடும், இல்லாத குத்தை எங்கிருந்தும் கொண்டுவராது.

அதனால் ஒரு சிக்ஸ் எய்ட்டை நீங்களே எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மணி நேர வேலைதான். பாட்டின் டைம் சிக்னேச்சரை 6/8 ஆக்குங்கள். வேகத்தில் ஒரு சிக்கல் வரும்: காலால் தட்டும்போது நிமிடத்துக்கு 100 தட்டு என்று வைத்தால், பல சாஃப்ட்வேர்கள் கால் நோட்டைத்தான் எண்ணும் என்பதால் அங்கே 150 என்று கொடுக்க வேண்டும். இது தெரியாமல் பாட்டு ஏன் ஆமை வேகத்தில் போகிறது என்று குழம்புகிறவர்கள் நிறைய. ஒரு பாரில் ஆறு கட்டம் கிடைக்கும். கிக், அதாவது 36, முதல் கட்டத்தில். ஸ்நேர் நான்காவதில். ஆறிலும் ஹை-ஹாட், ஆனால் வெலாசிட்டி 95, 55, 70, 90, 55, 70 என்று ஏற்றி இறக்கி. ஆறாவது கட்டத்தில் இன்னொரு கிக்கை 80 அளவில் வையுங்கள், அடுத்த பாரை அது பிடித்து இழுக்கும். இப்போது ஓடவிட்டால் தலை தானாக ஆடும். ஆடவில்லை என்றால் ஹை-ஹாட்டின் இரண்டாவது, ஐந்தாவது அடிகளை இன்னும் குறையுங்கள். இதே பாரை எல்லா டெமோவிலும் போட்டுக் கேளுங்கள், கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மிஸ்ர சாப்பு, கண்ட சாப்பு என்று போகிறவர்கள் ஆயத்தத் தாளத்தை நம்பவே வேண்டாம். மிஸ்ர சாப்பின் ஏழு எண்ணிக்கையை மூன்று, நான்கு என்று உடைத்து நீங்களே எழுதுவதுதான் வழி.

எங்கே ஒலிக்கப்போகிறது

நல்ல டிரம்ஸ் சாஃப்ட்வேரில் உள்ளே ஒரு மிக்ஸர் இருக்கும். கிக்குக்கு ஒரு மைக், ஸ்நேருக்கு மேலும் கீழும், மேலிருந்து முழு செட்டையும் பிடிக்கும் ஓவர்ஹெட், அப்புறம் தூரத்தில் அறையின் ஒலியைப் பிடிக்கும் ரூம் மைக். ஒவ்வொன்றையும் தனியாகக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, தனித்தனி டிராக்காக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். இலவசமானவற்றில் சிலவற்றில் எல்லாம் ஒரே ஸ்டீரியோவாகத்தான் வெளியே வரும். குறும்படத்துக்கு அது போதும். வேறு ஒருவரிடம் மிக்ஸிங்குக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் போதாது, அவர் கேட்கும் முதல் கேள்வியே "கிக் தனியாக இருக்கா?" என்பதுதான்.

பண்டிகைக்குக் கட்டும் கூம்பு ஸ்பீக்கரில் பாட்டு ஓடப்போகிறது என்றால் கணக்கே வேறு. அந்தக் கூம்பு அடி ஒலியைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். ஹெட்ஃபோனில் நெஞ்சை அதிரவைத்த கிக் தேர் வீதியில் காணாமலே போகும். அதற்கு, கட்டை தோலில் படும் 'டப்' என்ற கிளிக் தெளிவாக உள்ள கிட்டை (டிரம் செட்டை) தேர்ந்தெடுங்கள், ரூம் மைக்கை நன்றாகக் குறைத்துவிடுங்கள். தெருவே எதிரொலி கொடுக்கும், நீங்கள் வேறு சேர்க்க வேண்டாம். மினி பஸ்ஸில் ஓடும் என்றால் நேர் எதிர், அவர்கள் பேஸை ஏற்கெனவே தூக்கித்தான் வைத்திருப்பார்கள், உங்கள் கிக்கின் வாலைக் கொஞ்சம் வெட்டிக்கொடுத்தால் பாடகர் குரல் பிழைக்கும்.

பம்பை, உடுக்கை, பறை

மாசியில் மயானக் கொள்ளை சமயம் காவேரிப்பட்டணத்தில் பம்பை கேட்டவருக்கு எந்த சாஃப்ட்வேர் பம்பையும் திருப்தி தராது. தபேலா, டோலக், மிருதங்கம் என்றால் ஸ்வார்ப்ளக் மாதிரி இந்தியக் கருவிகளுக்கென்றே செய்த ப்ளக்இன் இருக்கிறது, ஓரளவு ஒப்பேற்றலாம். உடுக்கையும் உருமியும் அப்படி அல்ல. உடுக்கையில் நடுக் கயிற்றை அழுத்த அழுத்த சுருதி ஏறி இறங்கும், உருமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமவைப்பார்கள். தனித்தனி அடியாகப் பதிவு செய்து கட்டத்தில் போட்ட ஒலியில் அந்த வழுக்கல் வராது. இந்தக் கருவிகளுக்கு என் யோசனை ஒன்றுதான்: டிரம்ஸை சாஃப்ட்வேரில் செய்யுங்கள், இவற்றை ஆளை வைத்து வாசித்துப் பதிவு செய்யுங்கள். நம் மாவட்டத்தில் பம்பைக் கலைஞர்களுக்கா பஞ்சம்? பண்டிகைக் காலம் முடிந்த மாதங்களில் கேளுங்கள், பேசிய பணத்தை வாசித்த அன்றே கொடுங்கள், அந்தப் பதிவை வேறு பாட்டுக்கும் எடுத்துப் பயன்படுத்துவதாக இருந்தால் அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பதிவு செய்யும்போது கிளிக் ஒலியை இயர்ஃபோனில் கொடுத்தால் பலருக்கு வாசிப்பு இறுகிப்போகும். அதற்குப் பதில் மேலே சொன்ன சிக்ஸ் எய்ட் பாரில் கிக்கையும் ஹை-ஹாட்டையும் மட்டும் வைத்து ஓடவிடுங்கள், அதோடு சேர்ந்து வாசிப்பது அவர்களுக்கு இயல்பாக வரும். மைக் இல்லை, போன்தான் இருக்கிறது என்றால் ஐந்தாறு அடி தள்ளி வைத்து, ஏரோப்ளேன் மோடில் போட்டு, வேவ் கோப்பாகப் பதியும் ஆப்பில் எடுங்கள். போனோடு வரும் வாய்ஸ் ரெக்கார்டர்கள் பேச்சுக்காகச் செய்தவை, பறையடியை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடவும் கூடும். தேசிய நெடுஞ்சாலை ஓரத்து வீடு என்றால் லாரி ஹாரன் விழாத மாடியறை, இல்லையென்றால் ஊருக்குள் இருக்கும் சொந்தக்காரர் வீடு.

பம்பை வந்தபிறகு டிரம்ஸில் ஸ்நேரையும் டாம்களையும் எடுத்துவிட்டுக் கேளுங்கள். இரண்டும் ஒரே இடத்துக்கு மோதும், கிக்கும் ஹை-ஹாட்டும் மட்டும் அடியில் இருந்தாலே பாட்டு நிரம்பிவிடும். இப்படிச் செய்கிறவருக்கு 230 ஜிபி டிரம்ஸ் எதற்கு, சொல்லுங்கள்.

நல்ல அடிகளைத் தனித்தனியாக வெட்டி சிதாலா மாதிரி ஒன்றில் போட்டுக்கொண்டால் உங்களுக்கென்று ஒரு பறை கிட் தயார். அதில் பதினாறு கட்டம், தொடங்குவதற்குத் தாராளம்.

சரி, எதை எடுப்பது

காசே செலவில்லாமல் என்றால் எம்டி பவர் டிரம்கிட். ஒலி ஏற்கெனவே மிக்ஸ் செய்த மாதிரி கனமாக இருக்கும், தாளங்களும் உள்ளேயே வருகின்றன, இழுத்து டிராக்கில் போடலாம். திறக்கும்போது நன்கொடை கேட்டு ஒரு திரை வரும், அதைத் தாண்டிப் போகலாம். கனமான பாப், ராக் சத்தத்துக்குத்தான் அது லாயக்கு, மெதுவான பாட்டுக்குச் சரிவராது. ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ் 5.5க்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது, ஒலி இன்னும் தரம், இரண்டையும் போட்டுப் பாருங்கள். லினக்ஸ்காரர்களுக்கு ஹைட்ரஜன், டிரம்கிஸ்மோ இரண்டும் திறந்த மூலம், காசு கேட்காது.

காசு போட்டு வாங்குவது என்றால் என் ஓட்டு ஈஸிடிரம்மருக்கு, குறிப்பாக மிடி எழுதுவதில் அவ்வளவு பழக்கம் இல்லாதவர்களுக்கு. பாட்டின் வரிசையை, பல்லவி, சரணம், இடையிசை என்று உள்ளேயே அடுக்கிக்கொள்ளலாம். விலை 150 முதல் 200 டாலர் வரம்பில். அடிக்டிவ் டிரம்ஸில் உங்களுக்கு வேண்டிய கிட்டுகளை நீங்களே பொறுக்கி வாங்கலாம், ஒலியைத் திருகி மாற்றிப் பார்ப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு அது பிடிக்கும். கான்டாக்ட் என்ற, ஒலித்தொகுப்புகளை ஓட்டும் சாஃப்ட்வேருக்காக விற்கும் டிரம் தொகுப்புகளில் மட்டும் ஒரு பொறி உண்டு: சில தொகுப்புகள் இலவச கான்டாக்ட் ப்ளேயரில் ஓடும், சிலவற்றுக்கு முழு கான்டாக்ட் வேண்டும், அது தனி விலை. முழுசு கேட்கும் தொகுப்பை இலவச ப்ளேயரில் திறந்தால் 15 நிமிடத்தில் நின்றுவிடும். தள்ளுபடியைப் பார்த்து வாங்கும் முன் அந்தப் பக்கத்தில் எது தேவை என்று போட்டிருப்பதைப் படியுங்கள்.

பென் டிரைவில் ஆயிரம் ப்ளக்இன் என்று விற்கிறவர்களிடம் வாங்க வேண்டாம். நியாயம் ஒருபக்கம் இருக்கட்டும், கிராக் செய்த கோப்போடு வருகிற வைரஸ் உங்கள் பாட்டுக் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டால் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் யாரைப் போய்க் கேட்பீர்கள்? இலவசத்திலேயே இவ்வளவு இருக்கும்போது அந்த வம்பு தேவையில்லை.

விரலால் வாசிக்க

மவுஸால் நோட்டு போடுவது அலுத்துவிட்டால் பேட் உள்ள சின்ன மிடி கீபோர்டு ஒன்று வாங்குங்கள். ஆகாய் எம்பிகே மினி மாதிரியானதில் எட்டு பேட் இருக்கும், கிக், ஸ்நேர், ஹை-ஹாட்டுக்கு எட்டே அதிகம். லேப்டாப் கீயைத் தட்டியும் வாசிக்கலாம், ஆனால் எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் ஒரே வெலாசிட்டிதான் வரும், மேலே அவ்வளவு நேரம் சோதித்துப் பார்த்த மெதுவான அடி எல்லாம் வீண்.

தட்டிய பிறகு தாமதமாக ஒலி வருகிறதா? அது டிரம்ஸ் சாஃப்ட்வேரின் குற்றம் இல்லை, பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புகிறது என்ற அளவு. 44,100 ஹெர்ட்ஸில் 512 பஃபர் வைத்தால் அதனால் மட்டும் கிட்டத்தட்ட 12 மில்லி விநாடி தாமதம், 128 வைத்தால் 3தான். விண்டோஸில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், ஸ்பீக்கரை இணைக்கும் தனிப் பெட்டி) இல்லாதவர்கள் ஆசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டுக்கொண்டு குறையுங்கள். வாசிக்கும்போது குறைத்து வையுங்கள், மிக்ஸ் செய்யும்போது ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் படபடவென்று வெடிக்கும். அப்படியும் கம்ப்யூட்டர் திணறினால் டிரம்ஸ் டிராக்கை ஆடியோவாக மாற்றி வைத்துவிட்டு ப்ளக்இன்னை அணைத்துவிடலாம், மிடியை மட்டும் அழிக்காதீர்கள்.

பணம் கட்டும்போது

பெரும்பாலான கடைகள் டாலரிலோ யூரோவிலோதான் வாங்கும். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது, வங்கி ஆப்பில் போய் நீங்கள் இயக்க வேண்டும், வாங்கி முடித்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள். போட்டிருக்கும் விலைக்கு மேல் வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம் வரும், சில கடைகளில் 18 சதவீத ஜிஎஸ்டியும் கடைசிப் பக்கத்தில் சேரும், அதையும் கூட்டிக்கொண்டு பட்ஜெட் போடுங்கள். அவசரம் இல்லையென்றால் நவம்பர் கடைசி வரை பொறுங்கள், பிளாக் ஃப்ரைடே தள்ளுபடியில் இந்த வகை சாஃப்ட்வேர்கள் நன்றாகவே இறங்கும்.

வாங்கியதும் லைசென்ஸ் எத்தனை கம்ப்யூட்டருக்கு என்று பாருங்கள், கணக்கு திறந்த மின்னஞ்சலை எங்காவது எழுதி வையுங்கள். லேப்டாப்பை விற்கும்போதோ ஃபார்மேட் செய்யும்போதோ முதலில் அந்தக் கணக்கில் போய்ப் பழைய கம்ப்யூட்டரை நீக்கிவிடுங்கள். ஒலிக்கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வைத்தால் மறுபடி இறக்க வேண்டியதில்லை, சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டு அந்த ஃபோல்டரைக் காட்டினால் பெரும்பாலானவை அப்படியே எடுத்துக்கொள்ளும்.